ஆறு முறை பொறுத்தவர்

குளிர்சாதனத்தைச் சற்றுக் குறைத்து வைத்ததற்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். வயதாக ஆக எனக்குக் குளிர் முழங்காலில்தான் முதலில் ஏறுகிறது. தாங்கள் வாங்கி வைத்திருக்கும் தே சி கொசோங்கும், சர்க்கரையில்லாத அந்தப் பால் தேநீர், சரியான சூட்டில் இருக்கிறது. கணினியில் தட்டச்சு செய்துகொள்வதாகத் தாங்கள் சொன்னபோது, என் கைப்படவே எழுதித் தர அனுமதி கேட்டேன், அதற்கும் இணங்கினீர்கள். பாலர் பள்ளிப் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையைத் தவிர நான் இதுவரை வேறெதையும் எழுதியவளல்ல. பிழைகள் இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

என் பெயர் பஞ்சவர்ணம். வயது அறுபத்தொன்று. சுவா சூ காங்கில் தனியாக வசிக்கிறேன். பாலர் பள்ளியில் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, தொண்டூழியராகப் பயிற்சி பெற்று, ‘அமைதி வட்டம்’ என்னும் சிறு குழுவில் ஏழு ஆண்டுகளாகக் கோபத்தைக் கையாளும் வகுப்பை நடத்திவந்தேன். லிட்டில் இந்தியாவில் கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மேல்மாடியில், சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு வகுப்பு. மொத்தம் பன்னிரண்டு வாரம்.

வழக்கறிஞர் நஸீஹா அவர்களே, தாங்கள் திரு. ரத்னவேலுக்காக வாதாடுகிறீர்கள். அவர் மீதுள்ள குற்றச்சாட்டு, என்னை அடித்தார் என்பது. அடிபட்டவள் அடித்தவரின் வழக்கறிஞர் முன் தானாக வந்து அமர்வதைத் தாங்கள் இதுவரை கண்டதில்லை என்றீர்கள். அவருடைய குழந்தை பேசிவிட்டது என்று அறிந்ததும் வந்தேன். மன்னிப்புக் கேட்க வந்ததாக மட்டும் தயவுசெய்து எண்ண வேண்டாம்.

திரு. ரத்னவேலுக்கு முப்பத்தாறு வயது. மின்தூக்கி பழுதுபார்ப்பவர். தோ பாயோவில் வீடு. மனைவி லீலாவை மூன்று முறை அடித்திருக்கிறார். மூன்றாவது முறை லீலாவின் மணிக்கட்டு முறிந்தது. வீட்டுக்குள் வரக்கூடாதென நீதிமன்றம் ஆணையிட்டதால் கிளமெண்டியில் ஒரு நண்பருடன் தங்கியிருந்தார். பன்னிரண்டு வாரத்தையும் முடித்துச் சான்றிதழோடு வந்தால், அந்த ஆணையை நீக்கும்படி தானே மனுச் செய்வதாக லீலா வாக்களித்திருந்தார். அவர்களுக்கு ஏழு வயதில் ஒரு மகள், திவ்யதர்ஷினி. அந்தக் குழந்தை இருக்கும் வீட்டுக்குத் திரும்புவதற்காகவே அவர் என் படியேறினார். அதில் எனக்கு ஒருநாளும் ஐயம் இருந்ததில்லை.

நான் கற்பிப்பது எளிய பாடம். கோபம் வருவது குற்றமன்று. கோபத்துக்கும் கை ஓங்குவதற்கும் இடையே சிறிய இடைவெளி ஒன்று இருக்கிறது. அதை அகலப்படுத்த வேண்டும். இரண்டடி பின்னால் நகர வேண்டும். “எனக்குக் கோபம் வருது, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு திரும்பி வந்து பேச வேண்டும்.

முதல் வாரத்தில் டாக்சி ஓட்டுநர் குமரன் கையை உயர்த்தினார். “டீச்சர், ரோட்டுல ஹார்ன் அடிக்கிறவன்கிட்ட இறங்கிப் போயி, பத்து நிமிஷம் கழிச்சுப் பேசறேன்னு சொன்னா, பின்னாடி நிக்கிற லாரிக்காரன் எனக்கு மாலை போட்டுருவான் லா.”

“மாலை போடறப்ப சொல்லு மச்சான், பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு நான் வந்துர்றேன்,” என்றார் ரத்னவேல். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவரை எனக்குப் பிடிக்காமல் இருந்தது என்று யாரேனும் சொன்னால் அது உண்மையன்று.

இரண்டாம் வாரத்தில் ஒவ்வொருவரும் கோபக் குறிப்பேடு எழுத வேண்டும். எது தம்மைத் தூண்டுகிறது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். என்னைத் தவிர வேறு யாரும் படிக்கமாட்டார்கள் என்று வாக்களிப்பேன். அந்த வாக்கை நான் மீறவில்லை. என்னைத் தவிர வேறு யாரும் படிக்கவில்லை.

அவர் மூன்று எழுதியிருந்தார். காரணம் சொல்லாமல் காக்க வைப்பது. தான் பக்கத்தில் இருக்கும்போதே தன்னைப் பற்றி வேறொருவரிடம் பேசுவது. பிடரியில் தட்டுவது, அவருடைய தகப்பனார் காப்பிக் கடையில் எல்லோர் முன்னிலையிலும் “தண்டம்” என்று சொல்லித் தட்டுவாராம். நான்காவதாக ஏதோ எழுதி, பேனாவால் அழுத்தி அடித்திருந்தார். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ‘பாப்பா என்னைப் பார்த்ததும் அம்மா பின்னாடி ஒளிஞ்சிக்கிறது.’

ஏழு ஆண்டுகளில் என்னிடம் பலர் வந்து போயிருக்கிறார்கள். பாதிப்பேர் நடுவில் நின்றுவிடுவார்கள். மற்றவர்கள் சான்றிதழை வாங்கிக்கொண்டு கைகூப்பிவிட்டுப் போவார்கள். வீட்டுக்குப் போய் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று நான் விசாரித்ததே இல்லை. ரத்னவேல் வேறு மாதிரி. கற்றதைச் செய்துபார்த்தார், செய்துபார்த்ததை வந்து சொன்னார். மேலாளர் திட்டியபோது மின்தூக்கிக் குழிக்குள் இறங்கி நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னாராம். “குழிக்குள்ள யார்கிட்ட பேசறேன்னு மேலிருந்து சத்தம் போடறான் டீச்சர். சாமிகிட்டன்னு சொல்லிட்டேன்.”

ஒன்பதாம் வாரம் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். உதவிக்கு நின்றவர் சொன்னார்: “டீச்சர், இது இவ்வளவு ஈசின்னு தெரிஞ்சிருந்தா அப்பவே வந்திருப்பேன். லீலா கை உடைஞ்சிருக்காது. ஒம்பது வாரம்தான் லா. யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா போதும்.”

நல்லது என்றேன். ரயிலில் வீடு போய்ச் சேர்ந்தேன். அன்று சமைக்கவில்லை.

முழுமைக்காக ஒரு செய்தியை இங்கே குறிப்பிடுகிறேன். நடந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. காலஞ்சென்ற என் கணவர் சுந்தரம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு ஆண்டுகள் என்னை அடித்தார். அடிப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார், உடைந்துவிடக் கூடாதல்லவா. “ஆம்பளை சுபாவம் அது, மாத்த முடியாது, நாமதான் அனுசரிச்சுப் போகணும்” என்று என் நாத்தனார் சொன்னார். கோயிலில் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நானும் என்னிடம் அதையே சொல்லிக்கொண்டேன். மாற்ற முடியாத ஒன்றைப் பொறுத்துக்கொள்வதில் அவமானம் ஏதும் இல்லை. மழையைப் பொறுத்துக்கொள்கிறோம் அல்லவா? எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் உறக்கத்திலேயே இறந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

பத்தாம் வாரம் முதல் நான் திரு. ரத்னவேலைச் சோதிக்கத் தொடங்கினேன். பயிற்சி பெற்றவர் உண்மையில் தேறிவிட்டாரா என்று பார்ப்பது பயிற்சியாளரின் கடமை. லீலாவின் பாதுகாப்பை நினைத்தே செய்தேன் என்று அப்போது என் மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு இரண்டு மணிக்கு மாறியதை மற்றவர்களுக்கு மட்டும் தெரிவித்தேன். மூன்று மணிக்கு வந்தவரைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம் நிற்க வைத்தேன். உள்ளே நாங்கள் பேசுவது அவருக்குத் தெரியும். கதவைத் திறந்தபோது, “பரவால்ல டீச்சர், கீழ கடையில ஃபோனுக்குக் கண்ணாடி மாத்திட்டேன்” என்றார். ஓய்வு நேரத்தில், அவர் அருகில் நிற்கும்போதே, இவரைப் போன்றவர்கள் கடைசியில் பழைய குணத்துக்கே போய்விடுவார்கள் என்று குமரனிடம் சொன்னேன். அவர் இரண்டடி பின்னால் போய்த் தண்ணீர் குடித்தார். நடிப்புப் பயிற்சி என்ற பெயரில் குமரனைக் கொண்டு அவர் பிடரியில் தட்டச் செய்தேன். அவர் முகம் வெளுத்தது. பத்து நிமிடம் கேட்டார், மாடிப்படியில் உட்கார்ந்தார், ஒன்பதாவது நிமிடத்தில் திரும்பி வந்து, “மச்சான், அது எங்கப்பா அடிக்கிற எடம்டா” என்று குமரனிடம் சொன்னார். குமரன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார். வகுப்பு கைதட்டியது. நானும் கைதட்டினேன்.

இப்படி ஆறு முறை. ஆறு முறையும் பொறுத்தார். இரவில் எனக்கு உறக்கம் வராமல் போயிற்று.

பன்னிரண்டாம் சனிக்கிழமை குடும்பங்களும் வரும். லீலா முன்னதாகவே குழந்தையுடன் வந்துவிட்டார். மனுவை எழுதி முடித்து மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார்; என்னிடம் காட்டினார். “நேத்து ஃபோன்ல சத்தம் போட்டேன்க்கா, வேணும்னேதான். பத்து நிமிஷம் கழிச்சுத் திருப்பிக் கூப்பிட்டாரு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு” என்றார். பிறகு கைகழுவப் போனார். அந்த மூன்று நிமிடத்தில் நான் குழந்தையிடம் பேசினேன். முப்பது ஆண்டுகள் ஏறக்குறைய அந்த வயதுக் குழந்தைகளோடு பேசியவள் நான். அவர்கள் என்னை நம்பிவிடுவார்கள்.

“ஒரு விளையாட்டு. அப்பா கை நீட்டினதும் ஓடிப்போய் அம்மா பின்னால ஒளிஞ்சிக்கணும். கூப்பிட்டாலும் வரக்கூடாது.”

“ஜெயிச்சா என்ன?”

“ஸ்டிக்கர்.”

“எத்தனை?”

மூன்று என்றேன்.

ரத்னவேல் புதிய சட்டை அணிந்து வந்தார். மகளைக் கண்டதும் மண்டியிட்டுக் கையை நீட்டினார். குழந்தை ஓடிப்போய் லீலாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. “பாப்பா” என்று இரண்டு முறை கூப்பிட்டார். குழந்தை முகத்தை மூடிக்கொண்டது. சிரித்துக்கொண்டிருந்தது என்று இப்போது அனைவருக்கும் தெரியும். அப்போது எனக்கு மட்டுமே தெரியும்.

அவர் எழுந்தார். இரண்டடி பின்னால் நகர்ந்தார். “எனக்கு ஒரு மாதிரியா வருது. பத்து நிமிஷம் குடுங்க” என்றார். சொல்லிக் கொடுத்தபடியே, சொல் பிசகாமல் இல்லாவிட்டாலும், செய்தார். தண்ணீர் இருக்கும் மேசைப் பக்கம் திரும்பினார். அது ஏழாவது முறை. இதையும் அவர் பொறுத்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆகவே நான் அவருக்குப் பின்னால் சென்று, பிடரியில் தட்டி, அவருக்கு மட்டும் கேட்கும்படி, “தண்டம்” என்றேன்.

அவர் கை திரும்பி வந்தது. விழுந்தபோது நாற்காலி விளிம்பில் என் புருவம் பட்டது; ஐந்து தையல். குழந்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து “டீச்சர், டீச்சர்” என்று அரற்றிக்கொண்டிருந்தார். லீலா கைப்பையிலிருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். இரத்தம் கண்ணில் வழிய நான் கிடந்தேன். அப்போது எனக்கு ஏற்பட்டதை என்ன பெயரிட்டு எழுதுவது என்று தாங்கள் கேட்டீர்கள். நிம்மதி என்றே எழுதுகிறேன். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, “நான் ஜெயிச்சேன்ல, டீச்சர் ஏன் ஸ்டிக்கர் தரல?” என்று குழந்தை தன் தாயிடம் கேட்டதாம். அப்படித்தான் செய்தி தங்களுக்கும் எனக்கும் எட்டியது.

எழுதியவற்றின் கீழே கையொப்பமிடுகிறேன். எனக்கு இதனால் என்ன நேரும் என்று தாங்கள் பரிவோடு எச்சரித்தீர்கள், நன்றி. தண்டனை எதுவாயினும் ஏற்றுக்கொள்வேன். வருந்துகிறேன் என்று மட்டும் எழுதமாட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகள் என்னிடம் யாரும் வருந்தவில்லை. அந்தச் சொல் இல்லாமலே நான் வாழ்ந்து காட்டியிருக்கிறேன்.

சற்று முன் தாங்கள் பேனாவை என் பக்கம் மறுபடி நகர்த்தினீர்கள். “ஆன்ட்டி, இன்னும் ஒரே ஒரு லைன் எழுதிக் குடுங்க. அந்த சனிக்கிழமைக்கு முன்னாடியே அவர் மாறிட்டாருன்னு. ட்ரெய்னரா நீங்க சொன்னா கோர்ட் கேக்கும். லீலாவும் அதைத்தான் கேக்கறாங்க. அவர் வீட்டுக்குப் போறதுக்கு அந்த ஒரு லைன் போதும்.”

அது உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. உலகத்தில் வேறு எவருக்கும் முன்னால் அறிந்தவள் நான். நான் செய்தவை அனைத்தையும் எழுதிவிட்டேன். அவரைப் பற்றிய அந்த ஒரு வரியை எழுதமாட்டேன். தாங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும், மிகுந்த பணிவுடன், மறுக்கிறேன். சொல்லிக் கொடுத்தால் ஒன்பது வாரத்தில் ஓர் ஆண்பிள்ளை மாறிவிடுவான் என்று என் கைப்பட எழுதிவிட்டு, சுந்தரத்தின் படத்துக்கு நாளைக் காலை எந்த முகத்தோடு நான் விளக்கேற்றுவேன்?