ஆட்டுக்கல்லோடு மலையேறியவள்

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். கோத்தகிரி மலையில் அவருக்குக் காவலாளி வேலை கிடைத்திருக்கிறது. வாடகைக் குட்டியானை வண்டியில் வீட்டுச் சாமானை ஏற்றி, அவரே மலைக்கு ஓட்டிப் போயிருக்கிறார். அவள் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டாள்; இப்போது அவளை அழைத்துப்போக வந்திருக்கிறார்.

“பொன்னேரி வரைக்கும்தான் வருவேன். மலைக்கு நீயே போய்க்கோ.”

“இன்னாமே, வண்டி கவுந்தா போச்சு?”

“வளைவுக்கு வளைவு ‘அந்தாண்ட நவுரு, இந்தாண்ட நவுரு’ன்னு கத்துன. நான் பின்னாடி ஆட்டுக்கல்லக் கட்டிப்புடிச்சிக்கினு நவுந்தேன். அதான் கவுரல.”

“கடல்ல போட்டு சாஞ்சா நவுர்றோம்ல? வண்டியும் அப்டித்தான்.”

“நான் இல்லன்னா சொன்னேன்? மேல போயி எல்லார்கிட்டயும் ‘நானே ஓட்டியாந்தேன்’னு பீத்திக்கின. நான் நவுந்தத ஒருத்தர்கிட்டயாவது சொன்னியா?”



“தப்புதான். இனிமே சொல்றேன்.”

“இங்கயே சொல்லு.”

அவர் என் பக்கம் திரும்பினார். “சார், மலையில வண்டி கவுராம காப்பாத்துனது என் பொண்டாட்டி.”

அதுவரை ஒரு சொல் விடாமல் கேட்டிருந்த நான், வெட்கத்தில் ஒன்றும் கேளாதவன்போல் ஜன்னலைப் பார்த்தேன். தவறுதான், தலையாவது அசைத்திருக்கலாம்.

“பெரியவருக்குக் காது கேக்கல,” என்றாள் அவள், என் நரைத்த தலையைப் பார்த்து. “சத்தமா சொல்லு. பஸ்ஸு டிரைவருக்குக் கேட்டாத்தான் நான் மலைக்கு வருவேன்.”