மாமா கேட்ட ஒரே ஃப்ளெக்ஸ்

ஜெயங்கொண்டத்திலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தியின் கழுத்தில் மஞ்சள் மங்காத தாலிக்கயிறு.

“மாமாவோட கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை அவுக்கக் கூடாதுன்னு நேத்து அப்பாகிட்ட சண்டை போட்டேன்டி,” என்றாள் அவள்.

“நீயா?” என்றாள் தோழி. “கல்யாணத்துல ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக்கூட உள்ள விடாதவளாச்சே நீ! பாக்குமட்டைத் தட்டு, துணிப்பை, தென்னங்கீத்துத் தோரணம்னு எங்களைப் படுத்தி எடுத்தியே.”

“அதான்டி. தாய்மாமன், அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ‘மண்டபத்து வாசல்ல என் படம் போட்டு ஒரு ஃப்ளெக்ஸ் வச்சுக்கிறேன் மருமவளே’ன்னு. அது மக்காத குப்பை, முடியவே முடியாதுன்னுட்டேன்.”

“கோவிச்சுக்கிட்டாரா?”

“கோவிச்சிருந்தாலாச்சும் பரவாயில்ல. ‘நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்’னுட்டு, கடைசிப் பந்தி வரைக்கும் நின்னு பரிமாறுனாரு. அடுத்த மாசமே நெஞ்சு வலி, போயிட்டாரு. அஞ்சலிக்குப் போட்டோ தேடுனப்பதான் அத்தை எடுத்துக் குடுத்தாங்க. எங்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடியே, கல்யாண ஃப்ளெக்ஸுக்குன்னு ஸ்டுடியோ போயி எடுத்து வச்சிருந்தாராம்.”

அவர்கள் ஊர் வந்தது. இருவரும் இறங்கினார்கள்.

நிறுத்தத்துக் கம்பத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில், ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே, பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக ஒருவர் கைகூப்பி, வாங்க வாங்க என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.