பதினோராம் படத்தின் விவரம்

(தலவாக்கலையில் ஜெயந்தினி சொல்ல, 2009 ஐப்பசியில் கேட்டது. வீடமைப்புத் திட்டமொன்றின் இணையப் பக்கத்தில் வேலை செய்த பெண், கொழும்பிலிருந்து வந்த அதிகாரியிடம் பேசியது. ஜெயந்தினி அதை அப்பெண்ணின் குரலிலேயே சொன்னார்.)

இல்ல சார், பதினோராவது படத்த கடைசியா பாப்போம். மொத இதப் பாருங்க. ரோட்டோரத்து மலையில பொம்பளைங்க கொழுந்து பறிக்கிறாங்க. இதுக்கு நான் மொத என்னா எழுதினேன் தெரியுமா? காளியாயி படத்துக்காகப் புதுச் சீல கட்டிக்கிட்டு நிக்குது, கூடைக்கு அடியில சாக்கு, மேலதான் கொழுந்துன்னு. ஆபிஸ்ல விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பேரெல்லாம் எதுக்கு, கண்ணுக்குத் தெரியிறத மட்டும் எழுதுன்னாங்க. மாத்திட்டேன். ஒரு பெண் தேயிலை பறிக்கிறாள். அவ்வளவுதான். இருங்க, ஜன்னல சாத்திர்றேன், சாரல் அடிக்குது.

ஆமாங்க, இந்த எழுத்து உங்க கண்ணுக்குத் தெரியாது. படத்துக்குப் பின்னால மறைஞ்சு கெடக்கும். கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் இது. கம்ப்யூட்டர் பக்கத்த வாசிச்சுக்கிட்டே வரும்ல, படம் வந்தா இதச் சொல்லும். அதான் ஒரு வருசமா ஒருத்தரும் பாக்கல. நீங்களும் மட்டக்களப்பு வாத்தியாரு கடுதாசி போட்டதாலதான வந்திருக்கீங்க? அவருக்குக் கண்ணு தெரியாதாமே.

டீ ஆறுது சார், குடிங்க. ஆறாவது படமும் ஒழுங்கா இல்ல, அதயும் ஒருக்கா... சரி. சரிங்க. தெறக்கிறேன்.

இந்தா. மேல தலைப்பு, புதிய வீடு கையளிக்கப்பட்டது. வீடு குடுக்க வந்த பெரியவரு சாவி நீட்டுறாரு, ஒரு அம்மா ரெண்டு கையாலயும் வாங்குது. நான் எழுதினத நீங்களே... வேணாம், நானே வாசிக்கிறேன். ஒரு பெண் சாவி வாங்குகிறாள். வீட்டுக்கு முன்சுவர் மட்டும் இருக்கிறது. கூரை இல்லை. படம் எடுத்து முடிந்ததும் சாவியைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

தெரியும் சார். கூர இல்லாதது படத்துல வராது, அளவா வெட்டித்தான குடுத்தாங்க. சாவிய திரும்ப வாங்கினதும் தெரியாது. தப்புதான். வேல போயிரும்னும் தெரியும். ரெண்டு தடவ அழிச்சேன், நம்புங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து மறுபடியும் எழுதினேன்.

அந்த வாத்தியாரு என்னா கேட்டிருக்காரு? ஏன் இப்பிடி எழுதினீங்கன்னா? அந்தம்மா இப்ப எங்க இருக்காங்கன்னுதான கேட்டிருக்காரு. படத்தப் பாத்த ஒருத்தரும் அதக் கேக்கலியே சார்.

பதில் போடணுமா? எழுதிக்கங்க. புள்ளைக்காம்பராவுல இருக்கு. வேலைக்குப் போற தாய்மாருங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போவாங்கல்ல, அந்த எடம்தான். காலைல புள்ளைங்க வாரதுக்கு முந்தி பாயச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்துரும். அது முந்தி இருந்த லயத்துக் காம்பராவ இப்ப செல்லசாமி குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்க. தோட்டத்துல ரெண்டு எடம் வச்சிருக்க ஏலாதுங்க, புது வீடு கெடைக்குதுன்னா மொத நாளே தோட்டத்து ஆபிஸ்ல கைரேக வச்சு பழச விட்டுறணும். அது யோசிச்சுது சார். வீட்டப் பாத்துட்டு வைக்கிறேன்னுச்சு. நான்தான் வெரட்டினேன். அந்தத் தலைப்ப மொத நாளே டைப் பண்ணி வச்சது நான்தான? கையளிக்கப்பட்டதுன்னு அடிச்சு முடிச்சிட்டேன், இன்னும் என்னம்மா யோசிக்கிறன்னு கேட்டேன். எங்கம்மா போயி வச்சிட்டு வந்திருச்சு.

(இதன்பின் நடந்ததை ஜெயந்தினி சொல்லவில்லை. அக்கரப்பத்தனை முத்துலிங்கம் சொல்லும் வடிவில், அதிகாரி அவ்வரிகளை அழித்துவிட்டு பஸ் ஏறுகிறார். டயகமவில் சொல்லும் கதையில் முடிவு வேறு. அங்கே அவர் விவரத்தில் கை வைப்பதில்லை. தொல்லை வேண்டாமென்று படத்தை மட்டும் நீக்கச் சொல்கிறார். படம் போன இடத்தில், அதன் பின்னால் மறைந்திருந்த வரிகள் எழுத்தாகத் தோன்றி நின்றன என்றும், அன்றிலிருந்து கண்ணுள்ளவர்களும் அவற்றைப் படித்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.)