பச்சை டிக்

— பழையபடி பூட்டிக் குடுத்துரு தம்பி. இந்த டேப்லெட்ட நீ ரூட் பண்ணி ஒடைக்கிறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சோ, அப்படியே.

— வெளாடாதீக முனீஸ்வரி மதினி. நீங்க வீடு வீடாப் போயி பிரஷர் பாத்து, மாத்திரை குடுத்துப் பதியணும்னு டிரஸ்ட்டுக்காரங்க பூட்டிக் குடுத்த டேப்பு. அதை ஒடைக்க ஒரு நாள் முழுக்க கடையச் சாத்திட்டு உக்காந்தேன். இப்பப் போயி பூட்டுங்கிறீக.

— பூட்டிரு.

— யாரும் கண்டுபிடிச்சுட்டாங்களா?

— இல்ல.

— அப்ப சிம்பிள். நீங்க வீட்டுல உக்காந்து பதிஞ்சாலும், நோயாளி வீட்டு வாசல்ல நின்னு பதிஞ்ச மாதிரிதான் டிரஸ்ட்டு ஆபீஸ்ல காட்டும். அதுக்குத்தான அந்த லொக்கேஷன் ஆப்பே.

— அதுதான் வேணாங்கிறேன். அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? பூட்டிக் கெடக்குற வீட்டுக்கும், காட்டு வேலைக்குப் போயிட்ட ஆளுகளுக்கும் மட்டும்னுதான சொன்னேன்.

— ஆமா. அஞ்சு ஊரு, நூத்திருபது வீடு, ஒத்த ஆளு எம்புட்டுத்தான் அலைவீக. அதை நெனச்சுத்தான் நானும் செஞ்சேன்.

— போகாமப் பதிஞ்சது மொத மாசம் எட்டு வீடு. அப்புறம் பஸ்ஸு வராத ஊரு. அப்புறம் வெயிலு. என் பையில இருக்குற பிரஷர் மிஷினு பேட்டரி தீந்து கெடக்குறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும் தம்பி.

— ஊரு ஒலகத்துல யாரும் செய்யாததா. மொதல்ல தண்ணியக் குடிங்க.

— வெள்ளிக்கிழமை வாசத் தெளிச்சுட்டு, படியில உக்காந்து ஏழு வீட்டுக்குப் பிரஷர் போட்டேன். ஒரே மாதிரி இருந்தா சந்தேகம் வருமேன்னு ஒருத்தருக்கு நூத்தி முப்பது, இன்னொருத்தருக்கு நூத்தி இருபத்தாறு. அதுல ஒரு வீடு எங்க வீட்டுக்கு மூணாந்தெரு. நடந்தா ரெண்டு நிமிஷம். அதுக்கும் போகல. அந்த வீட்டுக்காரவுக இன்னைக்குக் காலையில குளிக்கப் போன எடத்துல விழுந்துட்டாக. வலது கையும் காலும் வரல.

— அடக் கடவுளே.

— மாத்திரை தீந்து பத்து நாளாச்சாம். நான் கொண்டு வருவேன்னு காத்துக் கெடந்துருக்காக.

— யாரு மதினி? நம்ம ஊரு ஆளா?

— உங்கம்மா தம்பி.

— என்ன சொல்றீக?

— உசுருக்கு ஒண்ணுமில்ல. பெரியாஸ்பத்திரியில சேத்துட்டு நேரா இங்கதான் வாரேன். போன்ல சொல்ல வாய் வரல. கடைப்படி ஏறும்போதுகூட மொத வார்த்தை அதுதான்னு நெனச்சேன். உன் மொகத்தைப் பாத்ததும் டேப்பப் பத்திப் பேசுது. வெக்கங்கெட்ட வாயி.

— காலையில அம்மாகிட்டருந்து ரெண்டு மிஸ்டு கால் இருந்துச்சு. கடையில ஆளு நின்னாங்கன்னு எடுக்கல. நீங்க எல்லாம் என்ன மனுசி? மூணாந்தெருவுக்கு நடக்க முடியலையா ஒங்களுக்கு?

— கேளு தம்பி. என்ன வேணாலும் கேளு.

— மாசா மாசம் ஆப்பச் சரிபாக்க இந்த டேப்பக் கொண்டு வாரீகள்ல, நான் மொதல்ல எதப் பாப்பேன் தெரியுமா? சுந்தரம்மாள்ங்கிற பேரத் தேடி, நேரா பச்சை டிக் இருக்கான்னு பாப்பேன். பிரஷர் நார்மல், மாத்திரை குடுத்தாச்சு. சரி, அம்மா நல்லாத்தான் இருக்குன்னு ஊருப் பக்கம் போறதையே விட்டுட்டேன். சித்திரையில போனது. இப்ப ஆவணி.

— அந்த ஆப்பப் போட்டு விட்டதே நீதான தம்பி.

— ஆமா, நான்தான். பொய் சொல்லட்டும்னுதான் போட்டேன். ஊருக்கெல்லாம் பொய் சொல்லும், எனக்கு மட்டும் நெசம் சொல்லும்னு நம்பிருக்கேன் பாருங்க. என்னையச் செருப்பால அடிக்கணும். இந்தாங்க, குடுங்க டேப்ப, பூட்டித் தொலைக்கிறேன். பூட்டுனா நான் செஞ்ச வேலை அம்புட்டும் அழிஞ்சிரும். நீங்களும் தப்பிச்சுக்கலாம்.

— அழிஞ்சிருமா? அப்ப பூட்டாத. இப்படியே எங்க சூப்பர்வைசர் மேடத்துகிட்ட கொண்டு போயி வைக்கிறேன்.

— வேலை போயிரும் மதினி.

— போகட்டும். மேடம் ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாக. வெள்ளிக்கிழமை முனீஸ்வரி வந்துச்சான்னு உங்கம்மாட்ட கேட்டாக. வந்துச்சே, காப்பி குடிச்சுட்டு, மிஷின் வச்சுப் பாத்துட்டுத்தான் போச்சுங்கிறாக. பேச்சுக் குழறுது, அந்தக் குழறல்லயும் எனக்காகப் பொய் சொல்றாக. நான் கட்டில் பக்கத்துலயே நிக்கிறேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அந்த எடத்துலயே செத்துரலாம் போல இருந்துச்சு.

— எங்கம்மா அப்படித்தான். வாங்க, வண்டிய எடுக்குறேன். கடை கெடக்கட்டும்.

— ஷட்டர எறக்கிட்டு வா.

— மதினி. அம்மா என்னையக் கேட்டுச்சா?

— அவுக கேக்கல. மகன் கடைசியா எப்ப வந்து பாத்தான்னு டாக்டருதான் கேட்டாரு.

— அதுக்கு என்ன சொல்லுச்சு?

— ஞாயித்துக்கிழமை தவறாம வந்துருவான், முந்தாநேத்துகூட கறி எடுத்துக் குடுத்துட்டுத்தான் போனான்னு சொன்னாக தம்பி.