லிஃப்ட் கதவில் கட்டிய ரிப்பன்

முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் இந்த ஐந்தாம் மாடி அரங்கத்துக்கு எழுந்தருளி, விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அச்சகத்தின் தலைவர் அவர்களே! எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் பார்க்காமலே காலம் தள்ளும் அருங்கலை அறிந்த மேலாளர் அவர்களே! “ஏறினால் மாறலாம்” என்ற ஏற்றமிகு போட்டியைத் தொடங்கி, எங்களை ஏற வைத்து, இறங்க வைத்து, இளைக்க வைத்து, இரைக்க வைத்த நலப் பிரிவு அதிகாரி அவர்களே! அச்சு மை வாசனையிலேயே தலை நரைத்த பெரியோர்களே! இங்கே ஒரு வேலை, வீட்டுக்குப் போனால் ஒன்பது வேலை என்று ஓடும் தாய்மார்களே! இந்த அரங்கத்தின் அத்தனை நாற்காலிகளையும் கீழேயிருந்து தூக்கி வந்துவிட்டு, உட்கார ஒரு நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் சுமை தூக்கும் அண்ணன்மார்களே!

இவர்கள் எல்லாருக்கும் மேலாக, ஆனால் இவர்கள் எல்லாருக்கும் கீழே, தரைத்தளத்தின் வாசல் மேசையருகே அமர்ந்து, தூணில் கட்டிய ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கும் என் அன்புக்குரிய அக்கா! உங்களுக்கும் என் வணக்கம்.

மைக்காரரே, கொஞ்சம் கவனம். இரைந்தாலும் பரவாயில்லை, அணைந்துவிடக் கூடாது. இன்றைக்கு நான் பேசுவது இங்கே கேட்பதைவிட அங்கே கேட்க வேண்டும்.

“போட்டி உங்களை எப்படி மாத்துச்சுன்னு நாலு வார்த்தை சொல்லுங்க, எல்லாருக்கும் ஊக்கமா இருக்கும்” என்று நலப் பிரிவு அதிகாரி கேட்டுக்கொண்டார். முதல் பரிசு எனக்காம். அதோ, மேசைமேல் மின்னுகிறதே, அந்தக் கோப்பை எனக்காம். வாங்கப் போகிறவள் சொல்ல வேண்டாமா? சொல்கிறேன்.

நான் யார்? மூன்றாம் மாடியில் பைண்டிங் பிரிவில், அச்சடித்த தாளை மடித்து, அடுக்கி, பசை போட்டு, அழுத்தி எடுக்கும் ஒருத்தி. இரண்டாம் மாடி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சுவருக்கே மூச்சு முட்டும்படி நின்றவள். “நீ வீட்டுக்கு வந்துட்டேன்னு உன் செருப்புச் சத்தத்துல தெரியாது, உன் மூச்சுச் சத்தத்துலதான் தெரியும்” என்பார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவள்தான் இந்தப் போட்டியில் பெயர் கொடுத்தேன்.

ஏறினேன். முதல் வாரம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு அழுதேன். விடவில்லை. ஏறினேன். மகளின் சைக்கிளை எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நான் வருவதைப் பார்த்து எதிர்வீட்டு நாய்கூட ஒதுங்கி நின்றது. மொட்டைமாடியில் கயிறு தாண்டிப் பார்த்தேன், கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, “என்னங்க, ஏதாவது இடிக்கிறீங்களா?” என்று கேட்டார். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். ஆனால் விடவில்லை. ஒருநாள் இந்த ஐந்தாம் மாடிக்கு நிற்காமல் ஏறி வந்து, அந்த ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். நெஞ்சு படபடக்கவில்லை. கண் இருட்டவில்லை. என் உடம்பு என் பேச்சைக் கேட்டது! இத்தனை வயதில், முதல் தடவையாக! அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

கைதட்டுகிறீர்கள். நன்றி. அதிகாரியும் தட்டுகிறார், மேலாளரும் தட்டுகிறார். இத்தோடு நான் உட்கார்ந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். உட்கார மாட்டேன். ஏனென்றால், முன்பெல்லாம் பாதிப் பேச்சில் மூச்சு வாங்கும். சரி, போகட்டும் என்று விட்டுவிடுவேன். இப்போது வாங்குவதில்லை. நீங்கள் கொடுத்த மூச்சு இது. இதை வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் பேசப்போகிறேன்.

இந்தப் போட்டி எப்படிப் பிறந்தது? உங்களுக்குத் தெரியாதா? நம் உடல்நலத்தின்மேல் நிர்வாகத்துக்கு ஒருநாள் திடீரென்று பாசம் பொங்கிப் பிறந்ததா? இல்லை! லிஃப்ட் நின்றது, போட்டி பிறந்தது. கேட்டோம். “பார்ட் வரணும்” என்றார் மேலாளர். மறுபடி கேட்டோம். “பார்க்கலாம்” என்றார். மூன்றாவது முறை கேட்கப் போனபோது லிஃப்ட் கதவின் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தது! கதவு நிறைய சுவரொட்டி! “ஏறினால் மாறலாம்!” தலைவர் வந்தார், கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டினார், நாம் எல்லாரும் கைதட்டினோம். உலகத்தில் புதிதாக ஓடும் லிஃப்டுக்கு ரிப்பன் வெட்டுவார்கள். ஓடாத லிஃப்டுக்கு ரிப்பன் வெட்டியது நம் அச்சகம் ஒன்றுதான்.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி. சுமையோடு ஏறினால் கணக்கில் சேராது. சுமையோடு ஏறினால் அது வேலை. வெறுங்கையோடு ஏறினால்தான் அது உடற்பயிற்சி! அட, என்ன நியாயம்! என்ன நேர்த்தி! இந்த அண்ணன்மார்கள் காகிதக் கட்டுகளைத் தோளில் போட்டு ஏறினார்கள். மை டப்பாக்களைத் தலையில் வைத்து ஏறினார்கள். லிஃப்ட் சுமந்த சுமையை எல்லாம் இவர்கள் முதுகு சுமந்தது. அது கணக்கில் இல்லை. நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அது கணக்கில் உண்டு. அதனால்தான் கோப்பை எனக்கு வந்தது. அண்ணே, வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இதுவும் பெரிதல்ல. என் நெஞ்சில் எரிவது வேறு.

கீழே இருக்கும் அக்காவைச் சொன்னேனே, அவர் யார்? நான்காம் மாடியில் வண்ணம் கலக்கும் பிரிவு. நாம் அடிக்கும் காலண்டரில், அட்டைப்பெட்டியில், உறையில் பார்க்கிற சிவப்பெல்லாம், பச்சையெல்லாம் அவர் கை கலந்தது. அந்தப் பிரிவு ஏன் நான்காம் மாடியில் இருக்கிறது? அங்கேதான் பெரிய ஜன்னல். பகல் வெளிச்சத்தில் வைத்துத்தான் நிறத்தைப் பார்க்க வேண்டும். “டியூப்லைட்ல பார்த்தா எல்லா நிறமும் பொய் சொல்லும்டி” என்பார் என்னிடம். சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பியது, கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடப்பார். ஆனால் வாய்க்குக் கட்டை கிடையாது. யார் என்ன புடவை கட்டி வந்தாலும், “இந்த நிறத்தைக் கலந்தவன நான் பார்க்கணும்” என்று ஒரு போடு போடுவார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த ஜன்னல்தான் அவருடைய இடம்.

லிஃப்ட் நின்ற பிறகும் அக்கா வந்தார். படியேறி வந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, நின்று, நின்று வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் உட்கார நான் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தேன். மறுநாள் ஸ்டூலைக் காணோம். எங்கே என்று கேட்டால், போட்டியாளர்கள் ஓடும் வழியில் தடை இருக்கக் கூடாதாம்! நலப் பிரிவு எடுத்துவிட்டதாம்! என்ன செய்வார் அக்கா? படியிலேயே உட்கார்ந்தார். “அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, டைம் ஓடுது” என்று அவரைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள் நம் வீரர்கள். ஒதுங்கினார். சுவரோடு சுவராக ஒதுங்கினார்.

அப்படி ஒருநாள், கட்டையை ஊன்றி, பல்லைக் கடித்து, கைப்பிடியைப் பற்றி ஏறும்போது யாரோ ஒரு படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் அந்தப் படம் மாடிக்கு மாடி தொங்கியது. எல்லாரும் ஒரு நிமிடம் இந்த மேடைக்குப் பின்னால் பாருங்கள். தலைவரே, நீங்களும் திரும்பிப் பாருங்கள். இந்தப் பெரிய பேனரில் இருப்பது யார்? அக்காதானே! அதன் கீழே எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்கிறேன்: “இவரால் முடிந்தால் உங்களால் முடியாதா?”

யார் சொன்னது அவரால் முடிந்தது என்று? அவரைக் கேட்டீர்களா? முடிந்ததா என்று கேட்டீர்களா, வலிக்கிறதா என்று கேட்டீர்களா, படம் எடுக்கட்டுமா என்றாவது கேட்டீர்களா? “என் வலிய அளவு பெருசாக்கி அடிச்சிருக்காங்கடி, அதுலயும் மஞ்சள் தூக்கலா இருக்கு” என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேனர் தொங்கிய மாதமே அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள். தாமதமாக வருகிறாராம். வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிற பார்சலுக்குக் கையெழுத்துப் போடும் வேலை. ஜன்னல் இல்லை. தலைக்குமேல் ஒரே ஒரு டியூப்லைட். “கஷ்டப்பட வேண்டாம்னுதான் கீழயே இடம் கொடுத்தோம், சம்பளத்துல கை வைக்கலையே” என்கிறார் மேலாளர். சம்பளத்தில் கை வைக்கவில்லை, உண்மை. வாழ்க்கையில் வைத்துவிட்டீர்கள். இந்த மாதத்தோடு நின்றுவிடப் போவதாக நேற்று என்னிடம் சொன்னார். “வீட்டுல ஒரு ஜன்னலாவது இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. “சுருக்கமாக முடிக்கவும்.” முடிக்கிறேன், முடிக்கிறேன். நாளைக்கு என் வேலை இருக்குமோ என்னவோ, இன்றைக்கு மைக் இருக்கிறது. யாரப்பா அங்கே விசில் அடிப்பது? வேண்டாம். இது விசில் அடிக்கிற விஷயம் இல்லை.

இந்த விழாவுக்கு அக்காவுக்கும் அழைப்பு உண்டு. பேனரில் இருப்பவர் நேரில் வந்தால் அழகாக இருக்கும் அல்லவா? அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வரச் சொன்னார்கள். “நான் என்ன பார்சலா? பார்சலுக்குக் கையெழுத்துப் போடுறவ நான்” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் அவர்களே, கோபிக்கக் கூடாது. வயதில் மூத்தவர் நீங்கள். மூட்டில் அறுவைச் சிகிச்சை ஆகி இன்னும் ஆறவில்லை என்று அறிவேன். இன்று மாலை இந்த ஐந்து மாடியும் உங்களை ஒரு நாற்காலியில் வைத்து, இதே நான்கு அண்ணன்மார்கள் தூக்கி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். திருப்பத்துக்குத் திருப்பம் நாற்காலி சாய்ந்தபோது நீங்கள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்ததையும் பார்த்தேன். அந்த நிமிடம் உங்களுக்கு ஏதாவது தோன்றியதா? இந்த லிஃப்ட் ஓடினால் என்ன என்று தோன்றியதா? தோன்றியிருந்தால் நீங்கள் பேசியபோது அதைச் சொல்லியிருப்பீர்கள். சொல்லவில்லை. படியேறுவதன் பலன்களைப் பற்றித்தான் பேசினீர்கள்.

அதனால் ஒரு புது முயற்சி. புதியதை முயன்று பார்க்கச் சொன்னதே நீங்கள்தானே! சற்று முன் திரைக்குப் பின்னால் அண்ணன்மார்களோடு பேசினேன். மூத்த அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? “ஏத்துனது மரியாதைக்குத் தங்கச்சி. இறக்குறது எங்களால ஆகாது. அது கணக்குல சேராதே!” அண்ணே, சரியாகச் சொன்னேனா? தலையை ஆட்டுகிறார். நால்வரும் ஆட்டுகிறார்கள்.

பதற வேண்டாம், மேலாளரே. உட்காருங்கள். தலைவரை யாரும் இங்கே விட்டுவிட்டுப் போகப் போவதில்லை. ஒருபக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன், மறுபக்கம் அண்ணன் பிடித்துக்கொள்வார். படிப்படியாக, மெதுவாக, நின்று நின்று இறங்குவோம். வலிக்கும், ஐயா. மூன்றாம் மாடியில் கால் நடுங்கும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார இடம் தேடுவீர்கள். அங்கே ஸ்டூல் இருக்காது. படியில் உட்காருங்கள். நாங்கள் யாரும் உங்களைத் தாண்டி ஓட மாட்டோம். யாரும் படம் எடுக்க மாட்டோம். நீங்கள் எழுந்திருக்கும்வரை இந்த அச்சகமே உங்கள் பின்னால் படியில் நிற்கும்.

கீழே போய்ச் சேர்ந்ததும், அந்த லிஃப்ட் கதவு முன்னால், அக்காவின் முகத்தைப் பார்த்து, அது என்றைக்கு ஓடும் என்று நீங்களே சொல்லுங்கள். “பார்க்கலாம்” என்ற சொல் மட்டும் வேண்டாம். சொன்னால் கோப்பையை அங்கே உங்கள் கையால் வாங்கிக்கொள்கிறேன். சொல்லாவிட்டால் கோப்பை உங்களிடமே இருக்கட்டும். இந்த மாத முடிவில் அக்காவோடு நானும் அந்த வாசலைத் தாண்டிவிடுவேன்.

ஏறினால் மாறலாம் என்றீர்கள். ஏறினோம், நான் மாறினேன், லிஃப்ட் மாறவில்லை, நீங்கள் மாறவில்லை. இறங்கினாலும் மாறலாம், தலைவரே. ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

அக்கா! கேட்கிறதா? கட்டையை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் வந்து நில்லுங்கள். நாங்கள் வருகிறோம். கொஞ்சம் தாமதமாகும்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், மைக்கை அணைக்காத நல்லவருக்கும் நன்றி. வணக்கத்தைக் கீழே வந்து சொல்கிறேன்.

ஐயா, கையைக் கொடுங்கள்.