காருக்கு அடியில் ஒருவர்

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் நிதானமாகச் சொன்னார்:

"எங்க ஊட்டுக்காரரு காருக்கு அடியில, ஓட்டையைக் கையால அடைச்சுக்கிட்டுப் படுத்திருக்காருங்க."

"ஐயையோ! எந்தக் காருங்க?"

"ரெண்டே பேரு உக்கார்ற ஸ்போர்ட்ஸ் காரு, பழசா வாங்குனாரு. மெக்கானிக் எதுக்கு, நானே ஆயில் மாத்தறேன்னு அடியில இருக்கற போல்ட்டைக் கழட்டிட்டாரு. அப்புறந்தான் பழைய ஆயிலைப் புடிக்கச் சட்டி வெக்கலைன்னு ஞாபகம் வந்துச்சு."

"ஊட்டுல சட்டி இல்லீங்களா?"

"கொழம்புச் சட்டியக் குடுப்பனுங்களா? கார் நிக்கறது காப்பி காயப்போடற களம் வேற. ஒரு சொட்டு விழுந்தாலும் நடக்கறதே வேறன்னு சொல்லிப்போட்டு, பேசின் வாங்கப் போறனுங்க."

"அந்தப் போல்ட்டையே திரும்ப மாட்டியிருக்கலாமுங்களே?"

"அது எங்க ரெண்டு பேருக்குமே தோணலீங்க."

"போன் போட்டுச் சொல்லீருங்க, பாவம்."

"சொல்லோணுமுங்க."

ஏற்காட்டில் இறங்கும்போது அம்மாளின் போனே அடித்தது.

"பஸ்ஸு இப்பத்தானுங்க நாகலூர்ல கெளம்புது. நீங்க கையை மட்டும் எடுத்துராதீங்க," என்று சொல்லிவிட்டு, நேராக டீக்கடைக்குப் போனார்.