உறை பிரிக்காத டிஸ்க்

இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாகத் தெரிய வேண்டும், கயோ. அந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

"அக்கா ஏன் அத்தான் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாய். சொல்கிறேன். ஆனால் ரெக்கார்டரிலிருந்து தொடங்கினால்தான் உனக்கு நியாயம் புரியும்.

பழைய ரெக்கார்டரில் படம் கசகசவென்று இருக்கும். ஓடுகிறவனுக்கு மூன்று கால் தெரியும். குளிர்காலம் முழுக்க மாத்சுயாமா கடைவீதிக்கு நடந்தேன். படம் போட்டுக் காட்டும் பிளேயர் மட்டும் போதுமா, டிவி நிகழ்ச்சியைப் பதிவும் செய்கிற ரெக்கார்டரா என்று ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் நாகாயி சிரித்தார்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு நோண்ட மாட்டாங்க சார்."

கடைசியில் ஒரு ப்ளூ-ரே ரெக்கார்டர் மனதுக்குப் பிடித்தது. பழையதைக் கடையே எடுத்துக்கொள்ளும்.

"பழைய பெட்டியில பதிஞ்சதெல்லாம் அந்தப் பெட்டியோடயே போயிடும் சார், வேற எதுலயும் ஓடாது. வேணுங்கறத மொதல்ல இதுல ஏத்திக்கோங்க, பத்து நிமிஷ வேலை" என்று காலி டிஸ்க் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். நல்ல மனிதர்.

பழையதில் வேண்டியது என்று என்ன இருந்தது? உன் அக்கா பையன் கோத்தாவின் பேட்டிதான். பள்ளி பேஸ்பால் போட்டியில் ஜெயித்த அன்று உள்ளூர் சானலில் வந்தது. மறுவருஷமே பையன் பைக்கில் போய் லாரியில் மோதிச் செத்தான். அவன் குரல் இருந்தது அது ஒன்றில்தான். தினமும் அவன் படத்துக்கு முன்னால் சோறு வைத்துவிட்டு உன் அக்கா ஃபுமியே அதைப் போட்டுப் பார்ப்பாள்.

"யாருக்கு நன்றி சொல்லுவ, தம்பி?"

"அம்மாவுக்கு. அப்புறம், செத்துப்போன எங்கப்பாவுக்கு."

அவனை ஆறு வயதிலிருந்து வளர்த்தவன் நான். விடியுமுன் எழுந்து மைதானத்துக்குக் காரில் கொண்டுபோய் விட்டவனும் நான்தான். இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. பேச்சு வந்ததால் சொன்னேன்.

ஃபுமியே உன் வீட்டுக்கு வந்திருந்த அன்று பெட்டியைக் கொடுத்துவிட்டேன். அதற்கு முன், எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று பெட்டி கேட்டது. நிச்சயமாகத்தானா என்று மறுபடியும் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

"என் புள்ள எங்க?" என்றாள், திரும்பி வந்து.

"படம் மங்கலா இருந்துச்சேம்மா. கண்ணுக்குக் கெடுதல்" என்றேன்.

இப்போது அவளுக்காகக் கடலடிப் படம் போடுகிறேன். மீனின் செதிலை எண்ணலாம், அத்தனை துல்லியம். அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவ்வளவு அலைந்து வாங்கியவனுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

பொறாமை என்று மட்டும் நினைத்துவிடாதே, கயோ. எனக்குப் படத்தின் தரம்தான் முக்கியம். அந்தக் காலி டிஸ்க் இதோ, உறைகூடப் பிரிக்கவில்லை. பையன் என்னையும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் ஏற்றி வைத்திருப்பேன், எவ்வளவு மங்கலாக இருந்தாலும்.